கடைமடையில் ஒரு காடு

மடத்துக்குளம் பாலத்தின் மேல் பஸ் போகும்போது, ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் ஒரு தடவை கீழே எட்டிப் பார்ப்பார்கள். ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பதற்காக! தண்ணீர் போனால் மனம் நிறைகிறது. மணலும் கோரையுமாகக் கிடந்தால் முகம் வாடுகிறது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது நம் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேற்கே உள்ள மலைகளில் மழை பெய்கிறது. அது பாம்பாறு, சின்னாறு, தேனாறு என்று பல பெயர்களில் இறங்கி வருகிறது. 1957-ம் ஆண்டு கட்டி முடிந்த அமராவதி அணையில் தேங்குகிறது. பிறகு கல்லாபுரம், குமரலிங்கம், கொழுமம் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு நம்மிடம் வருகிறது.

சரி, எங்கே போகிறது?

"காவிரிக்குப் போகிறது" என்பார்கள். அது சரிதான். தாராபுரம் தாண்டி, கரூர் தாண்டி, திருமுக்கூடலூரில் அமராவதி காவிரியோடு சேர்கிறது. அதற்கு அப்புறம்?

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே பிரிவது கொள்ளிடம். வெள்ளக் காலத்தில் பெரும் தண்ணீர் அந்தப் பக்கம்தான் திரும்பும். அணைக்கரை வழியாகப் போய், சிதம்பரத்துக்குத் தென்கிழக்கே கொள்ளிடம் கடலில் சேர்கிறது. அங்கே, கடலுக்கு முன்னால், ஒரு காடு நிற்கிறது. தரையில் நிற்கும் காடு அல்ல. தண்ணீருக்குள் நிற்கும் காடு! அதன் பெயர் பிச்சாவரம்.

அமராவதி பெருகிய ஆண்டில், நம் பாலத்தின் கீழ் ஓடிய வெள்ளத்தில் ஒரு பங்கு அந்தக் காட்டின் காலை நனைக்கிறது. இதை நாம் அறிந்துகொண்டால், அங்கே உல்லாசப் பயணம் போவதில் தனி ருசி உண்டு. பொறுப்பும் உண்டு.

வேன் பிடித்துப் போகும் காலம்

பனியன் கம்பெனியிலும் நூற்பாலையிலும் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு, ஆண்டில் இரண்டு தடவைதான் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. ஒன்று தீபாவளி. மற்றொன்று பொங்கல். போனஸ் கைக்கு வந்ததும் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசுகிறது. பழனி, கொடைக்கானல், ராமேசுவரம் என்று புறப்படுகிறது.

திருமூர்த்தி அணையில் படகு ஏறிய பிள்ளைகள், "அடுத்த தடவை கடலில் படகு!" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அழைத்துப் போக வேண்டியதுதான். மலைநாட்டுக்காரப் பிள்ளை கடலைப் பார்ப்பது ஒரு படிப்பு.

பிச்சாவரம் போகிறவர்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்வோம். போகும் வழியில் ஆற்றையே பிடித்துக்கொண்டு போங்கள். கரூர், முக்கொம்பு, அணைக்கரை என்று இறங்கி இறங்கிப் பார்த்துக்கொண்டு போனால், நம் வீட்டுப் பக்கத்து ஆறு எப்படிப் பெருத்து, எப்படிப் பிரிந்து, எப்படிக் கடலில் முடிகிறது என்பது பிள்ளைகளுக்குப் புரியும். பூகோளப் புத்தகத்தில் ஒரு வருஷம் படிப்பதை ஒரே பயணத்தில் தெரிந்துகொள்வார்கள்.

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் படகுத்துறை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே படகு விடுகிறது. துடுப்புப் படகும் உண்டு. மோட்டார் படகும் உண்டு.

படகில் இருந்து பார்ப்பது என்ன?

முதலில் அகலமான கழி. தண்ணீர் அசையாமல் கிடப்பதுபோல் தோன்றும். ஆனால், அது அசைந்துகொண்டுதான் இருக்கிறது. கடலில் ஓதம் ஏறும்போது உள்ளே வருகிறது. ஓதம் இறங்கும்போது வெளியே போகிறது. நாளுக்கு இரண்டு தடவை இந்த வேலை நடக்கிறது.

இருபுறமும் பச்சை மரங்கள். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளில் இந்தக் காடு பரவியிருக்கிறது. 2022-ம் ஆண்டு இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையில், அதாவது "ராம்சார்" பட்டியலில், சேர்த்தார்கள்.

ஒரு மரம் ஊன்றுகோல்களின் மேல் நிற்பதுபோல் நிற்கும். தண்டிலிருந்தும் கிளையிலிருந்தும் வேர்கள் வளைந்து இறங்கி, சேற்றில் முட்டுக் கொடுத்திருக்கும். அதுதான் சுரபுன்னை. சாய்ந்து விழும் பழைய ஓட்டு வீட்டுக்கு நாம் மரத்தால் முட்டுக் கொடுப்போம் அல்லவா? அதே வேலையை இந்த மரம் தானே செய்துகொள்கிறது.

இன்னொரு மரத்தைச் சுற்றிலும் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நிற்கும். அவையும் வேர்கள்தான்! சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே, வேர் வெளியே மூக்கை நீட்டி மூச்சு விடுகிறது. இது வெண்கண்டல். அலையாத்தி என்றும் சொல்வார்கள். இதன் இலையைத் தடவிப் பார்த்தால் உப்பு ஒட்டும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது.

விதை முளைப்பதும் விந்தைதான். சுரபுன்னையின் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. கிளையில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்குகிறது. பிறகு விழுகிறது. சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே மரம். தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய், வேறு கரையில் மரம். தாய் மரத்தின் மடியில் வளர்ந்த பிறகே பிள்ளை வெளியூர் போகிறது!

தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். கோயிலின் தல மரமும் இதுவே. ஆனால், கிளையை ஒடிக்க வேண்டாம். இதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

சேற்றோரத்தில், கழுத்தளவுத் தண்ணீரில் சிலர் இருப்பதைப் பார்க்கலாம். இருளர் இன மக்கள். கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போடும் கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் வேலை செய்ய வேண்டுமே! நம் பிள்ளைகள் அவர்களைப் போட்டோ பிடிக்க ஆசைப்படுவார்கள். ஓவர்லாக் மிஷினில் குனிந்து வேலை செய்யும் நம்மை, யாரோ ஒருவர் கேட்காமல் போட்டோ எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

வெட்டியது யார்? வளர்த்தது யார்?

1975-ல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் "இதயக்கனி" படத்தில் இந்தக் காட்டைப் பார்த்தவர்கள் உண்டு. அடர்த்தியான காடு என்றுதான் நினைத்திருப்பார்கள். உண்மையில் அந்த நாளில் உள்ளே பல இடங்கள் மொட்டையாகிக் கிடந்தன.

காரணம், வெள்ளையர் காலத்தில் தொடங்கிய கூப்பு முறை. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அடியோடு வெட்டி விற்பது. இருபது முப்பது ஆண்டுகளில் தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. 1970-களில்தான் அது நின்றது.

கணக்கு பலிக்கவில்லை. வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்தது. ஈரச் சேறு காய்ந்தது. காய்ந்த மண் அமுங்கி, தட்டுப்போல் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. வெயிலில் வற்றி உப்பாகியது. உப்பளத்தில் எந்த விதை முளைக்கும்?

ஆரம்பத்தில், "ஊர் மக்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது" என்றே பழி போட்டார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோதுதான் மேலே சொன்ன காரணம் வெளிப்பட்டது. வனத்துறையும் ஊர் மக்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால். இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். ஓதத் தண்ணீர் வந்தது, போனது. உப்பு கரைந்தது. கன்றுகள் பிடித்தன. இன்று படகில் இருந்து பார்க்கும் பச்சையில் ஒரு பகுதி, மண்வெட்டி பிடித்த ஊர்க்காரர்களின் உழைப்பு.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தது. கடலை நேருக்கு நேர் பார்த்து மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்களில் உயிர்ச்சேதம் மிக அதிகம். காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் மேடும்கூடக் காரணம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால், காட்டுக்குப் பின்னால் வீடு இருந்தவர்களைக் கேட்டால், அவர்கள் காட்டைத்தான் கும்பிடுகிறார்கள்.

"கடலில் வீணாகக் கலக்கிறது"

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஒரு பேச்சு கேட்கிறோம். டீக்கடையில் கேட்கிறோம், மேடையில் கேட்கிறோம், பத்திரிகைகளும் பெரிய எழுத்தில் போடுகின்றன. "இத்தனை டி.எம்.சி. தண்ணீர் கடலில் வீணாகக் கலந்தது!"

வீணாகவா?

கடைமடை என்ற சொல் நம் விவசாயிகளுக்குப் புதிது அல்ல. வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவன் படும் பாடு நமக்குத் தெரியும். மேல்மடைக்காரன் வயல் நிறைந்த பிறகே அவனுக்குத் தண்ணீர். பல ஆண்டுகளில் அதுவும் இல்லை. "கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது" என்று செய்தி வந்தால் நமக்கு ஒரு நிம்மதி.

அமராவதியின் உண்மையான கடைமடை கரூர் அல்ல. பிச்சாவரம். அங்கே ஒரு குடியானவன் நிற்கிறான். அவனுக்கு வாய் இல்லை. மனுக் கொடுக்கத் தெரியாது. மறியல் செய்யத் தெரியாது.

உப்புத் தண்ணீரில் நிற்கும் காட்டுக்கு நல்ல தண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். கடல்நீர் மட்டும் போதாது. வெறும் நல்ல தண்ணீரும் ஆகாது. இரண்டும் கலந்த இடத்தில்தான் அந்த மரங்கள் செழிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையும், கொள்ளிடத்து வெள்ளமும், வயல்களின் வடிகாலாக வரும் கான்சாகிப் வாய்க்காலும், உப்பனாறும்தான் அங்கே உப்பைத் தணிக்கின்றன. மேட்டூர் அணை 1934-ல் வந்தது. பவானிசாகர், அமராவதி என்று அணைகள் தொடர்ந்தன. கீழே போகும் நல்ல தண்ணீர் குறைந்தது. குறையக் குறைய, நல்ல தண்ணீரை விரும்பும் மர வகைகள் குறைந்தன. எவ்வளவு உப்பையும் தாங்கும் வெண்கண்டல்தான் இன்று காட்டில் பெரும்பகுதி.

இதில் வயிற்றுப் பிழைப்பும் இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் வருகின்றன. சுரபுன்னை வேர்களுக்கு நடுவே, பெரிய மீன் நுழைய முடியாத இடத்தில் தின்று வளர்கின்றன. வளர்ந்த பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. மீன்கள் பலவற்றின் கதையும் இதுதான். அந்தக் காடு ஒரு தொட்டில். தொட்டில் காய்ந்தால் வலையில் மீன் ஏது?

அமராவதியை நம்பிச் சுமார் 55 ஆயிரம் ஏக்கர் நிலம் இருக்கிறது. "எங்கள் கரும்பே காய்கிறது, காட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்கிறீர்களே!" என்று ஒரு விவசாயி கோபிக்கலாம். அவருடைய கோபம் நியாயம். வறட்சி ஆண்டில் குடிக்கும் தண்ணீரும் நிற்கும் பயிரும்தான் முதலில். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அணை நிரம்பி வழியும் ஆண்டைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். அந்த ஆண்டில் ஏரி குளங்களை நிரப்புங்கள். நிரம்பியது போக மிச்சம் கடலை நோக்கிப் போகட்டும். அதைப் பார்த்து "ஐயோ, வீண்!" என்று அலற வேண்டாம். "ஒரு சொட்டுக்கூடக் கடலுக்குப் போகாமல் தடுப்போம்" என்று மேடையில் பேசுபவர்களுக்குக் கை தட்டவும் வேண்டாம்.

தண்ணீரின் அளவு ஒரு பாதி. தண்ணீரின் நிறம் மறு பாதி.

நொய்யல் கதையைத் திருப்பூர் மாவட்டத்தாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பனியனுக்கு ஏறிய சாயம் ஆற்றுக்கும் ஏறியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டை ஆனது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகே, கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டுக்கு வழி பிறந்தது. அந்த மாதங்களில் வேலையில்லாமல் நின்ற குடும்பங்கள் எத்தனை! ஆற்றைக் கெடுத்ததற்குக் கூலிக்காரனும் சேர்ந்தே அபராதம் கட்டினான்.

நொய்யலும் கரூர் மாவட்டத்தில் காவிரியோடுதான் சேர்கிறது. அதுவும் அதே கடைமடைக்குத்தான் போகிறது. இரவில் மழை பெய்யும்போது, யாருக்கும் தெரியாது என்று கழிவைத் திறந்துவிடுபவர் எவராயினும், ஆறு அதை மறைத்து வைக்காது. அமராவதிக் கரையில் நாம் எறியும் பிளாஸ்டிக் பையும் அப்படியே. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. வாரச்சந்தையில் தடை எப்படி இருக்கிறது என்று நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்! பிச்சாவரத்தில் சுரபுன்னை வேரில் ஒரு ஜவுளிக்கடைப் பை சிக்கியிருந்தால், அதில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

கரைந்துபோன இரண்டு தீவுகள்

ராமேசுவரம் போகும் குடும்பங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அங்கேயும் கடலில் படகு உண்டு. பார்க்கத் தீவுகளும் உண்டு.

ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றைத் தாங்கி நிற்பவை பவளப் பாறைகள். பவளம் என்பது கல் அல்ல. ஒரு சிறு பூச்சி கட்டும் வீடு. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, அந்தப் பூச்சி தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. கூட்டின் மேல் கூடாக, பல்லாயிரம் ஆண்டுகளில் பாறையாகிறது. நாம் வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்புதான். கடலில் அது தீவாகிறது!

சுண்ணாம்பு என்றால் மனிதன் விடுவானா? சுண்ணாம்புக் காளவாய்க்கும், கட்டடத்துக்கும், ஆலைக்கும் பவளப் பாறையைப் பெயர்த்துப் படகு படகாக அள்ளினார்கள். பாறைதான் அலையை முன்னால் நின்று உடைக்கும் சுவர். சுவர் போனதும் அலை நேரே வந்து தீவின் மணலைத் தின்றது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 21 என்று பாடப் புத்தகத்தில் படித்த தீவுகளில் இன்று கண்ணுக்குத் தெரிபவை 19.

1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு உள்ள பாதுகாப்பு கிடைத்தது. தூத்துக்குடி அருகே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, 2015 முதல் சிமெண்டில் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். வேடிக்கையைப் பாருங்கள். சுண்ணாம்பைக் கடலிலிருந்து இலவசமாக அள்ளினோம். பணம் கொடுத்துச் சிமெண்டாகத் திருப்பிப் போடுகிறோம்!

இந்தத் தீவுகளில் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வனத்துறை ஏற்பாடு செய்யும் படகில்தான் போகலாம். "கொஞ்சம் பணம் கொடுத்தால் நான் இறக்கிவிடுகிறேன்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். கரையில் பவளத்துண்டு விற்றால் வாங்காதீர்கள். அதை வைத்திருப்பதும் குற்றம்.

தாய்லாந்து நாட்டில் பீபீ தீவுகள் என்று இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறை மலைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். அங்கே மாயா என்று ஒரு சிறு விரிகுடா. 2000-ம் ஆண்டு வந்த ஓர் ஆங்கிலப் படத்தால் அது உலகப் புகழ் பெற்றது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் படகில் வந்து குவிந்தார்கள். நங்கூரம் பட்டுப் பவளம் நொறுங்கியது. 2018 ஜூனில் அரசாங்கம் துணிந்து மூடியது. வருமானம் போகிறதே என்று பார்க்கவில்லை. 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு உள்ளே வரக் கூடாது. பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. மூடியிருந்த காலத்தில் சுறாமீன்கள் திரும்பி வந்தன. நம் ஊரிலும் கூட்டம் மிஞ்சிய நாளில் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தத் துணிவு வேண்டும். பொங்கல் மறுநாள் டிக்கெட் இல்லை என்றால், ஊழியரோடு சண்டை போடாமல் திரும்புவதற்கு நமக்கும் பொறுமை வேண்டும்.

நாலு பேர் கூட ஏறினால் என்ன?

தாய்மார்கள் இந்தப் பகுதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்ப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டுக் காயலில் படகு கவிழ்ந்தது. விடுமுறைக்கு வந்த 22 பேர் இறந்தார்கள்.

2023 மே 7. கேரளத்தில் தானூர் முகத்துவாரத்தில், பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மேல் ஆள் ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

மூன்றும் புயலில் நடந்தவை அல்ல. நடுக்கடலில் நடந்தவையும் அல்ல. பார்த்தால் பயம் தோன்றாத தண்ணீர்.

நம் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. 12 பேர் போகும் வேனில் 18 பேர் இடித்துக்கொண்டு உட்காருவோம். "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்போம். தரையில் இது எப்படியோ ஓடிவிடுகிறது. தண்ணீரில் ஓடாது. வேன் பாரம் தாங்காவிட்டால் நின்றுவிடும். படகு நிற்காது, புரண்டுவிடும்.

ஆகவே, படகின் அளவு எவ்வளவோ அவ்வளவு பேர் மட்டும். மிச்சம் பேர் அடுத்த படகில். மடியில் உள்ள குழந்தையும் ஓர் ஆள்தான். லைப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். கொடுத்ததைக் காலடியில் போட்டுவிட்டுப் போட்டோவுக்கு நிற்காதீர்கள். வார்களை இறுக்கிக் கட்டுங்கள். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டினால், தண்ணீரில் குழந்தை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். குழந்தை அளவு கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் கரையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுவிட்டு வரலாம். கொக்கு, நாரை எது தெரிந்தாலும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்திருக்க வேண்டாம். குடித்துவிட்டு வருபவர் உங்கள் மாமனாக இருந்தாலும், மைத்துனனாக இருந்தாலும், அவரை வேனிலேயே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் வரும் மனத்தாங்கல் ஊர் திரும்புவதற்குள் தீர்ந்துவிடும்.

பிச்சாவரத்தில் பல இடங்களில் ஆழம் இடுப்பளவு, மார்பளவுதான். அதனால் அலட்சியம் வேண்டாம். அடியில் இருப்பது சேறு. கால் புதைந்தால் நீந்தத் தெரிந்தவனும் திணறுவான்.

போகும் நேரம்

தீபாவளி விடுமுறையில் போக நினைப்பவர்கள் வானிலைச் செய்தியைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது, ஓடவும் கூடாது. தை, மாசி மாதங்கள் சுகமானவை. பறவைகளும் அதிகம் தெரியும். காலை வெயில் ஏறுவதற்கு முன் துறைக்குப் போய்விட வேண்டும்.

வழி வேறு பக்கம் என்றால், முத்துப்பேட்டைக் காயலும் இருக்கிறது. அதுவும் காவிரியின் கிளைகள் கடலில் சேரும் கடைமடைதான். ராமநாதபுரம் பக்கம் தொண்டிக்கு அருகே காரங்காட்டிலும் வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து படகு விடுகிறது. பெரிய கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அது நல்ல இடம்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகு அகலமான கழியோடு திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் இரு பக்க மரமும் தலைக்கு மேல் பந்தல் போட்ட குறுகிய வாய்க்காலுக்குள் நுழையும். அங்கே வெயில் இல்லை. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். நண்டு சேற்றில் ஓடும் சத்தம்கூடக் கேட்கும்.

படகுக்காரர் துடுப்பை நிறுத்தும்போது, விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். அமராவதியும் காவிரியும் கரைபுரண்ட ஆண்டில், மார்கழியில் போனால், உப்பு லேசாகத்தான் தெரியும். மழை பொய்த்த ஆண்டில், சித்திரையில் போனால், நாக்கு சுருங்கிவிடும்.